வாங்கும் முன் கேளுங்கள்: பழைய பிலிம் கேமரா

மகளுக்கு பிலிம் கேமரா ஆசை. பென்டாக்ஸ் கே1000 வாங்கச் சொல்கிறார்கள். அதில் ஆட்டோ எதுவுமே இல்லையாமே, சமாளிப்பாளா?
– வாசகி, திருச்சி

தாராளமாக. கற்றுக்கொள்கிறவர்களுக்கு அதைவிட நல்ல கேமரா இந்த விலையில் எனக்குத் தெரியாது. 1976-இல் வந்து, 1997 வரை தயாரிப்பில் இருந்தது. ஷட்டர், அதாவது பிலிமுக்கு முன்னால் திறந்து மூடும் திரை, அதன் வேகம் 1 விநாடியிலிருந்து 1/1000 விநாடி வரை. கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டரின் வலது ஓரத்தில் ஒரு முள் தெரியும். வெளிச்சம் கூடினால் ஏறும், குறைந்தால் இறங்கும். அப்பர்ச்சரையோ (லென்ஸில் ஒளி நுழையும் துளை) வேகத்தையோ திருப்பி முள்ளை நடுவில் நிறுத்தவேண்டும், லென்ஸ் வளையத்தைத் திருகி ஃபோகஸ் வைக்கவேண்டும், அவ்வளவுதான். இரண்டு ரோல் ஓட்டினால் அப்பர்ச்சர் என்ன செய்கிறது என்று யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்காது. செல்ஃப் டைமர் இல்லை. அந்த முள்ளை நகர்த்தும் ஒளி மீட்டரை அணைக்க சுவிட்சும் இல்லை. லென்ஸ் மூடியைப் போட்டு வைத்தால்தான் பேட்டரி தங்கும். ஆரம்பகால ஜப்பான் தயாரிப்பில் மேல்பாகம் உலோகம், பிற்காலச் சீனத் தயாரிப்பில் பிளாஸ்டிக். இரண்டும் ஒரே விலைக்குக் கிடைத்தால் பழையதை எடுங்கள்.

பேட்டரி தீர்ந்தால் கே1000 நின்றுவிடுமா?
– வாசகர், கோவை

நிற்காது. மீட்டர் முள் மட்டும் படுத்துவிடும்.

கேனான் ஏஇ-1 பார்த்தேன். ஷட்டர் விழவில்லை. ‘பேட்டரி போட்டால் ஓடும்’ என்கிறார் விற்பவர். நம்பலாமா?
– வாசகர், சேலம்

பேட்டரி இல்லாமல் அந்த கேமராவில் ஷட்டர் விழாது, அதுவரை உண்மை. 6 வோல்ட் பேட்டரியை நீங்களே வாங்கிப் போய்ப் போட்டுப் பாருங்கள். ஓடினால் பணம் கொடுங்கள்.

‘டெஸ்ட் செய்யவில்லை, உள்ளது உள்ளபடி’ என்று ஆன்லைனில் போட்டிருந்தார்கள். விலை குறைவு என்று எடுத்தேன். ஷட்டர் திறந்தபடியே நிற்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், மதுரை

உள்ளது உள்ளபடி என்று எழுதியதைப் படித்துவிட்டுத்தானே பணம் அனுப்பினீர்கள்? பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

ஆனால் ‘டெஸ்ட் செய்யவில்லை’ என்ற அந்த வார்த்தையைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வருகிறது. இயந்திர ஷட்டர் கேமராவைச் சோதிக்க பிலிமே வேண்டாம். பின்மூடியைத் திறந்து, 1 விநாடியில் வைத்து அழுத்தினால் திரை விலகி, நின்று, மூடுவது கண்ணுக்கே தெரியும். மெதுவான வேகங்களில்தான் முதலில் சிக்கும். லென்ஸைக் கழற்றி, அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து, பின்னாலிருந்து டார்ச் அடித்தால் உள்ளே பூஞ்சை நூல்நூலாகத் தெரியும். ஐந்து நிமிட வேலை. கேமராவைத் துடைத்து, நாலு பக்கமும் படம் எடுத்துப் போட நேரம் இருப்பவருக்கு இதற்கு நேரமில்லையா? பெரும்பாலும் பார்த்துவிட்டுத்தான் அப்படி எழுதுகிறார்கள். எனக்கு ஒருவர் ‘அலமாரியிலேயே இருந்தது’ என்று சொல்லி விற்ற கேமராவில், பின்மூடியைத் திறந்ததும் வெளிச்சம் புகாமல் ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஃபோம் உருகித் தார்போல விரலில் ஒட்டியது. ஃபோம் மாற்றுவது சின்னச் செலவு. அதை முன்பே சொல்லியிருந்தால் விலையில் கழித்துக்கொண்டிருப்பேன். ஷட்டர் ஓடும் வீடியோ அனுப்பச் சொல்லுங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள்.

கடையில் ‘முழு சர்வீஸ் செய்தது’ என்று பில்லிலேயே எழுதிக் கொடுத்தார்கள். முதல் ரோலைக் கழுவினால் எல்லாப் படமும் மங்கல். லென்ஸுக்குள் பூஞ்சையாம். திருப்பி எடுக்க மறுக்கிறார்கள். சேர்த்து வைத்த பணம் ஐயா.
– வாசகி, நாகர்கோவில்

படிக்கவே வருத்தமாக இருக்கிறதம்மா. நீங்கள் கேட்டு, எழுதியும் வாங்கியிருக்கிறீர்கள். உங்கள் பக்கம் ஒரு குறையும் இல்லை. பழைய பொருள் என்பதற்காகப் பொய் சொல்லி விற்க எவருக்கும் உரிமை கிடையாது. பூஞ்சை தெரியும்படி லென்ஸைப் படம் எடுத்து, பில் நகலோடு கடைக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகாரைப் பதியுங்கள். மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை, பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. அதுவரை யாரிடமும் கொடுத்து லென்ஸைச் சுத்தம் செய்துவிடாதீர்கள், அதுதான் உங்கள் சாட்சி.