காரைக்குடிப் பக்கம் சிறிய மழலையர் பள்ளி நடத்துகிறேன். நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகளுக்குச் செலவில்லாமல், கிடைக்கிற பொருட்களை வைத்தே கலை சொல்லித் தருவது எப்படி?

கானாடுகாத்தானை ஒட்டிய ஒரு கிராமத்தில் இதே வயதுப் பிள்ளைகளோடு சனிக்கிழமைகளில் உட்கார்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன். உங்களுக்குப் பணம் பெரிய தடையாக இருக்காது. பசைதான் தடை.

"வீணான பொருளில் கைவினை" என்றதும் பல இடங்களில் என்ன நடக்கிறது? தண்ணீர் பாட்டில், தெர்மாகோல், ஜிகினா, எல்லாவற்றையும் ஒட்ட ஒரு டப்பா பசை. ஒட்டுவதற்கு முன்னால் அந்தப் பாட்டிலையும் அட்டையையும் பழைய பேப்பர்காரர் எடுத்துக்கொண்டிருப்பார். ஒட்டிய பிறகு அவரும் தொடமாட்டார், மண்ணும் ஏற்காது. அதனால் நான் ஒரே ஒரு விதி வைத்திருக்கிறேன். பிள்ளைகள் செய்ததைப் பிரித்தால் அது மண்ணுக்குப் போகவேண்டும், இல்லையென்றால் பெட்டிக்குத் திரும்பவேண்டும். கட்டலாம், செருகலாம், பின்னலாம், அடுக்கலாம், களிமண்ணில் பதிக்கலாம். மிகவும் தேவைப்பட்டால் சோற்றுக் கஞ்சி போதும்.

இது குப்பையைக் குறைப்பதற்காக மட்டும் வைத்த விதி இல்லை. பசை போட்டு ஒட்டினால் முதலில் வைத்த இடமே முடிவாகிவிடும். பசை இல்லாதபோது ஒரு பிள்ளை புளியங்கொட்டையை இங்கே வைத்துப் பார்க்கும், அங்கே நகர்த்தும், எல்லாவற்றையும் கலைத்துவிட்டு மறுபடி அடுக்கும். அந்த நகர்த்தலில்தான் கண்ணும் கையும் சேர்ந்து பழகுகின்றன. நாம் சொல்லித்தர வேண்டியதே அதுதான்.

பொருள் சேகரிப்பதைப் பிள்ளைகளிடமே விடுங்கள். வகுப்பு தொடங்கும் முன் ஊருணிக் கரையை ஒரு சுற்று நடந்து வந்தால் போதும். பூவரசு இலை, வேப்பங்கொட்டை, புங்கங்காய், காய்ந்த தென்னம்பாளை, கோடையில் நுங்குக் கூந்தல் (நுங்கு எடுத்தபின் மிஞ்சும் பனங்காய்க் கூடு). கீழே விழுந்ததை மட்டும்தான் எடுக்கவேண்டும் என்று சொல்லிக் கூட்டிப்போங்கள். திரும்பி வந்ததும் எதையும் செய்யச் சொல்லாதீர்கள். முதலில் பிரிக்கட்டும். நீளமானவை ஒரு பக்கம், சொரசொரப்பானவை ஒரு பக்கம் என்று அவர்களே பிரிப்பார்கள். பெரியவர்களுக்குத் தோன்றாத கணக்கில் பிரிப்பார்கள். ஒரு பெண் பிள்ளை "சத்தம் போடுறது, போடாதது" என்று பிரித்தாள். அன்றைய வகுப்பு முழுக்க அதிலேயே போனது.

ஒரு எச்சரிக்கை மட்டும் கறாராக. குன்றிமணி வேண்டவே வேண்டாம். சிவப்பும் கறுப்புமாக இருப்பதால் பிள்ளைகளுக்கு உடனே பிடித்துவிடும், ஆனால் கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. அரளி, ஊமத்தை இரண்டும் அப்படித்தான். பனை மட்டையின் கருக்கு கையை அறுத்துவிடும், ஓலையை மட்டும் கொடுங்கள். மூன்று வயதுக்குக் கீழே தம்பி தங்கைகள் கூட வந்தால் சிறிய கொட்டைகளை மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

இத்தாலியில் ரெஜ்ஜியோ எமிலியா என்ற ஊரில், தொழிற்கூடங்களில் மிஞ்சும் துண்டு துணுக்குகளைச் சேகரித்துப் பள்ளிகளுக்குக் கொடுக்க 1996 முதல் 'ரெமிதா' என்ற மையம் நடக்கிறது. நம் ஊரில் அப்படி ஒரு மையம் தேவையே இல்லை, தெருவில் நடந்தாலே போதும். தையல்கடையில் வெட்டுத்துணி, தச்சுப்பட்டறையில் சீவல், கண்டாங்கிச் சேலை நெய்கிற வீட்டில் அறுந்த நூல், கல்யாணம் முடிந்த வீட்டில் கனத்த பத்திரிகை அட்டை. போய்க் கேட்டால் யாரும் இல்லை என்று சொல்வதில்லை. தினசரி காலண்டர் தாளின் வெற்றுப் பின்பக்கம் இந்த வயதுக் கைக்கு அளவெடுத்த மாதிரி இருக்கும்.

பூப்போட்ட தரைக்கல் செய்கிற ஆத்தங்குடிக்கு ஒருமுறை கண்டிப்பாகக் கூட்டிப்போங்கள். கண்ணாடிப் பலகை மேல் அச்சை வைத்து, ஒவ்வொரு அறையிலும் ஒரு வண்ணக் கலவையை ஊற்றி, அச்சைத் தூக்கியதும் பூ நிற்பதைப் பிள்ளைகள் வாய் பிளந்து பார்ப்பார்கள். அப்புறம் மேலே மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைக்கிறார்கள். சூளையே கிடையாது, கல்லின் வழவழப்பு அந்தக் கண்ணாடிப் பலகையிலிருந்து வருகிறது. உடைந்த கல் துண்டுகளைக் கேட்டு வாங்கிவாருங்கள். வீட்டில் கருங்கல்லில் தேய்த்து முனைகளை மழுக்கிய பிறகே பிள்ளைகளிடம் கொடுக்கவேண்டும். ஈரச் சிமெண்டில் பிள்ளைகள் கை வைக்கக்கூடாது, தோலை அரித்துவிடும். ஒரு தாம்பாளத்தில் களிமண்ணைப் பரப்பி அதில் துண்டுகளைப் பதிக்கச் சொல்லுங்கள். முடிந்ததும் பிடுங்கிக் கழுவினால் அடுத்த வாரத்துக்கு ஆச்சு.

களிமண்ணைப் பற்றிக் கொஞ்சம் அதிகம் சொல்லவேண்டும். கடையில் விற்கிற கலர் மாவு வாங்காதீர்கள். பக்கத்து ஊரில் மண்பாண்டம் வனைகிற வேளாரிடம் கேட்டால் பிசைந்த மண்ணாகவே கிடைக்கும். நம் பிள்ளைகள் எல்லாரும் ஐயனார் கோயிலில் மண்குதிரை பார்த்தவர்கள். வேளார் அந்தக் குதிரையை ஒரே கட்டியாகச் செய்வதில்லை. கால், உடம்பு, கழுத்து என்று உள்ளே வெறுமையாகத் தனித்தனியாக வனைந்து சேர்க்கிறார். பிள்ளைகளிடம் "குதிரை செய்" என்றால் தயங்குவார்கள். "நாலு கால் உருட்டு" என்றால் உடனே உருட்டுவார்கள். கால் வளையும், குதிரை உட்கார்ந்துவிடும். தடியாக உருட்டவேண்டும் என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள், நீங்கள் சொல்லிவிடாதீர்கள். சுடவும் வேண்டாம். மாலையில் எல்லாவற்றையும் ஈரத்துணியோடு பானையில் போட்டு மூடுங்கள்.

கலைத்துவிட்டால் பிள்ளை அழாதா என்று கேட்பீர்கள். முதலில் சில பிள்ளைகள் அழத்தான் செய்வார்கள். ஆனால் இது நம் பக்கத்துக்குப் புதிது இல்லை. ஐயனாருக்கு மண்குதிரை சுமந்துபோகிற புரவி எடுப்புத் திருவிழாவில் கொண்டுபோய் வைத்த குதிரைகள் மழையிலும் வெயிலிலும் சிதைந்து உடைந்து கிடக்கும், அடுத்த எடுப்புக்குப் புதுக்குதிரை வரும். வீட்டில் போட்ட மாக்கோலம் அடுத்த நாள் இருப்பதில்லை. இதையெல்லாம் பார்த்து வளர்கிற பிள்ளைகள் நாம் நினைப்பதைவிடச் சீக்கிரம் பழகிவிடுகிறார்கள்.

கோலம் என்றதும் இன்னொன்று. பச்சரிசியை ஊறவைத்து அரைத்த மாவில் சின்னத் துணியை நனைத்து, உள்ளங்கையில் அடக்கி, மோதிரவிரல் வழியே வழியவிட்டு நம் அப்பத்தாக்கள் நடுவீட்டுக் கோலம் போடுவார்களே, அதைவிட நல்ல கைப்பயிற்சி நான் பார்த்ததில்லை. பென்சில் பிடிக்கத் திணறுகிற பிள்ளைகூடத் துணியைப் பிழிந்து கோடு இழுத்துவிடும். ஒரு அப்பத்தாவைக் கூப்பிட்டு உட்காரவையுங்கள். அவர் போடுவதைப் பார்த்துவிட்டு, பிள்ளைகள் தங்கள் இஷ்டத்துக்குப் போடட்டும்.

வண்ணத்துக்கும் கடைக்குப் போகவேண்டாம். செம்மண்ணைப் பழைய வேட்டியில் சலித்துக் கஞ்சியில் கரைத்தால் அருமையான காவி. அடுப்புக்கரி கறுப்பு. சங்குப்பூவை வெந்நீரில் போட்டால் நீலம், எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாக மாறும். மஞ்சள் தண்ணீரில் ஆப்பசோடா ஒரு சிட்டிகை போட்டால் செம்பழுப்பு. சுண்ணாம்பு போட்டால் இன்னும் நன்றாகச் சிவக்கும், ஆனால் கண்ணில் தெறித்தால் ஆபத்து என்பதால் நான் சோடாவோடு நிறுத்திக்கொள்கிறேன். தூரிகைக்கு, நுனி நசுக்கிய வேப்பங்குச்சி.

கொட்டான் என்கிற பனையோலைக் கூடை முடையச் சொல்லித்தரலாமா? இந்த வயதுக்குச் சீக்கிரம். ஓலையை நனைத்து அகலமாகக் கிழித்துக் கொடுத்து, மேலே ஒன்று கீழே ஒன்று என்று பாய் போலப் பின்னவைத்தால் போதும். காய்ந்த ஓலை முறியும், பிள்ளைக்கு வெறுத்துவிடும்.

எனக்கு மனத்தாங்கல் ஒரு விஷயத்தில்தான். ஒரு பள்ளியின் கண்காட்சிக்குப் போயிருந்தேன். வரிசையாக ஒரே மாதிரி மயில், எல்லாம் அம்மாக்கள் இரவு விழித்துச் செய்தவை. பெயர் மட்டும் பிள்ளையுடையது. தயவுசெய்து மாதிரி ஒன்றைச் செய்து முன்னால் வைக்காதீர்கள். வைத்தால் அதைப் போலச் செய்யத்தான் பிள்ளை பார்க்கும், கையில் இருக்கிற கொட்டையைப் பார்க்காது. பெற்றோர் "வீட்டுக்கு எதுவும் கொண்டுவரலையே" என்று கேட்பார்கள். அதற்குச் சண்டை போடவேண்டாம். வகுப்பு முடியும் நேரத்துக்கு அவர்களை வரச் சொல்லுங்கள், பிள்ளையே உட்கார்ந்து விளக்கட்டும். போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு போவார்கள்.

தொடங்கும்போது ஒரு நாளைக்கு ஒரு பொருள் போதும். முதல் நாள் புளியங்கொட்டையும் செம்மண் பரப்பிய தாம்பாளமும் மட்டும். ஒரு பெரியவருக்கு எட்டுப் பிள்ளைகளுக்கு மேல் வைக்காதீர்கள். கை கழுவ வாளியை வாசலிலேயே வைத்துவிடுங்கள், இல்லையென்றால் பள்ளி முழுக்கச் செம்மண்தான்.