ஐந்து பேர் போதும்

கேள்வி: நாங்கள் நாலு பேர் சேர்ந்து அரிசி ஆலைகளுக்கு பில் போடும் ஆப் செய்கிறோம். பயன்படுத்த எளிதா என்று சோதிக்கப் பணமில்லையே, என்ன செய்வது? (வாசகர், பாளையங்கோட்டை)

பதில்: பணமே வேண்டாம். அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் ஆலைக்குப் போய், கணக்கெழுதுபவர் கையில் போனைக் கொடுத்து, "பத்து மூட்டைக்கு பில் போடுங்க அண்ணாச்சி, மனசுல தோணுறதை வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே போடுங்க" என்று கேட்டுவிட்டு, அவர் எங்கே தடுமாறுகிறார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். குறுக்கே போய் உதவக் கூடாது, அதுதான் கஷ்டம். 5 பேரிடம் சோதித்தாலே சுமார் 85 சதவீதக் குறைகள் தெரிந்துவிடும் என்று, பயன்பாட்டு எளிமையை ஆராயும் நிபுணரான ஜேக்கப் நீல்சன் 2000-ல் எழுதினார். ஆனால் முதலாளியின் வேலை வேறு, கணக்கரின் வேலை வேறு, அவர்களைத் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும். அப்புறம், "நல்லாருக்கா?" என்று மட்டும் கேட்காதீர்கள், நம்மூரில் முகத்துக்கு நேரே யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள்.