ஜெட் எஞ்சின் ரிக் இல்லாமல் உந்துவிசைப் பாடம் நடத்தலாமா?

கேள்வி: நான் மெக்கானிக்கல் படித்தவன். இந்த செமஸ்டர் ஏரோ மூன்றாம் ஆண்டுக்கு விமான, ராக்கெட் உந்துவிசைப் பாடம் என்னிடம் வந்திருக்கிறது. லேபில் வெட்டிவைத்த பழைய எஞ்சின் ஒன்றுதான் உண்டு. சப்ளையர் ஒருவர் 22 லட்சத்துக்கு மினி ஜெட் எஞ்சின் டெஸ்ட் ரிக் (எஞ்சினை ஓட்டி அளந்து பார்க்கும் சோதனை அமைப்பு) தருகிறேன் என்கிறார். நிர்வாகத்திடம் பரிந்துரைக்கலாமா? (உதவிப் பேராசிரியர், கோவை மாவட்டம்)

பதில்: இப்போதைக்குப் பரிந்துரைக்காதீர்கள். ரிக் இல்லாமலே பாடம் புரியும்.

அதில் இருப்பது பெரும்பாலும் மாடல் விமானத்தில் பொருத்தும் சின்ன டர்பைன். அதை இரும்புச் சட்டத்தில் ஏற்றி, நாலு மீட்டரும் ஒரு திரையும் சேர்த்துப் பல மடங்கு விலை கேட்கிறார்கள். நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்குக் குறையாமல் சுழலும் பொருள் அது. சில பத்து மணி நேரம் ஓடியதும் தயாரிப்பாளரிடம் சர்வீசுக்கு அனுப்ப வேண்டும். அந்தச் செலவு கொட்டேஷனில் இருக்காது. முதல் நாள் சப்ளையரின் ஆள் ஓட்டிக் காட்டுவார், அப்புறம் துணி போட்டு மூடிவிடுவார்கள். ஆய்வுக்கு வருகிறவர்களும் பட்டியலில் கருவி இருக்கிறதா என்று டிக் அடித்துவிட்டுப் போகிறார்கள். கடைசியாக எப்போது ஓடியது, லாக் புத்தகம் எங்கே என்று கேட்டால் இந்த வியாபாரம் ஒரே வருடத்தில் படுத்துவிடும். கேட்பதில்லையே!

சில ஆயிரம் ரூபாயில் ஒரு டிரோன் மோட்டார், 10 அங்குல புரொப்பெல்லர், விசையை அளக்கும் லோட் செல், வாட் மீட்டர் வாங்குங்கள். சுற்றிலும் வலை கட்டாமல் ஓட்டாதீர்கள். நின்ற இடத்தில் ஒரு கிலோ உந்துவிசைக்கு, உந்தக் கணக்குப்படி குறைந்தது 88 வாட் வேண்டும். அளந்தால் அதைவிட நிறையவே வரும். மிச்சம் எங்கே போனது என்று மாணவர்களே தேடட்டும். பிறகு பெரிய புரொப்பெல்லரை மாட்டினால் அதே ஒரு கிலோவுக்குக் குறைந்த வாட் போதும் என்று கணக்கு சொல்லும். பழைய ஏர்பஸ் ஏ320 விமானத்தின் சிஎஃப்எம்56 எஞ்சினில் முன்விசிறி விட்டம் 1.73 மீட்டர், அதன் புதிய வடிவமான ஏ320 நியோவின் லீப் எஞ்சினில் 1.98 மீட்டர். ஏன் விசிறி பெருத்தது என்பது அப்போது மனப்பாடம் செய்ய வேண்டிய விஷயமாக இருக்காது.

ராக்கெட்டுக்கு நம் மாநிலத்திலேயே மகேந்திரகிரி இருக்கிறது, இஸ்ரோ ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கும் இடம். அங்கே சோதிக்கும் விகாஸ் எஞ்சின் சுமார் 80 டன் உந்துவிசை தரும். கடுங்குளிர் திரவ ஹைட்ரஜனும் திரவ ஆக்சிஜனும் எரிக்கும் கிரையோஜெனிக் எஞ்சின் சிஇ-20 சுமார் 20 டன்தான். ஆனால் வெற்றிடத்தில், விநாடிக்கு ஒரு கிலோ எரிபொருளும் ஆக்சிகரணியும் செலவழித்தால் விகாஸ் 290 கிலோ அளவுக்கு உந்துவிசை தரும், சிஇ-20 440 கிலோவுக்கு மேல் தரும். அப்படியானால் ராக்கெட்டின் எல்லா அடுக்கிலும் கிரையோவே போடலாமே என்று ஒரு பையன் கேட்பான். திரவ ஹைட்ரஜன் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 71 கிலோதான். தொட்டி எவ்வளவு பெரிதாகும் என்று அவனையே கணக்குப் போடச் சொல்லுங்கள். திட எரிபொருளை மட்டும் லேபில் கலக்க விடாதீர்கள். உயிர் ஆபத்து, வெடிபொருள் சட்டத்திலும் மாட்டும்.

வாங்கத் தகுந்தது ஒன்று உண்டு: குளிர்காற்று நாசில் ரிக், அதாவது அழுத்திய காற்றைக் குறுகி விரியும் குழாய் (நாசில்) வழியே விட்டு அளக்கும் அமைப்பு. எரிப்பு இல்லை, ஆபத்து குறைவு. ஓட்டம் தொண்டையில் (நாசிலின் மிகக் குறுகிய இடத்தில்) சோக் ஆவதையும், அதாவது வெளி அழுத்தத்தை எவ்வளவு குறைத்தாலும் காற்றின் அளவு கூடாமல் நிற்பதையும், அதிர்வலை (ஷாக்) நகர்வதையும் அழுத்தமானிகளிலேயே பார்க்கலாம். இதிலும் ஒரு பொறி இருக்கிறது. 10 மி.மீ. தொண்டை, தனி அழுத்தம் (வெற்றிடத்தைச் சுழியாக வைத்து அளப்பது) 8 பார் என்றால் விநாடிக்குச் சுமார் 150 கிராம் காற்று போகும். சாதாரண வெளிக்காற்றாக அளந்தால் நிமிடத்துக்கு 7 கன மீட்டருக்கு மேல். கல்லூரியின் 5 எச்பி கம்ப்ரசர் நிமிடத்துக்கு அரை கன மீட்டர் அளவில்தான் தரும். அதனால் தொட்டியில் நிரப்பி வைத்து, சில விநாடிகளில் அளந்து முடிக்க வேண்டும். 500 லிட்டர் தொட்டியில் 8 பாரில் இருப்பதே 4.6 கிலோ காற்றுதான், திறந்ததுமே அழுத்தம் இறங்கத் தொடங்கும். மானிகளைக் கண்ணால் படித்து எழுத நேரம் இருக்காது. கணினியில் பதிவாகும் சென்சார் வேண்டும். தொண்டை 4 மி.மீ. என்றால் காற்றுத் தேவை ஆறில் ஒரு பங்காகிவிடும், அதைக் கேளுங்கள். சப்ளையர் இதைத் தானாகச் சொல்லமாட்டார். ரிக்கை விற்றுவிட்டு, அடுத்த வருடம் பெரிய கம்ப்ரசரோடு வருவார்.

எது வாங்கினாலும் ஆர்டரில் எழுதி வாங்குங்கள்: உங்கள் லேபில், உங்கள் கம்ப்ரசரில், உங்கள் ஆளே ஓட்டி ரீடிங் எடுத்த பிறகுதான் மீதிப் பணம்.