மாதக்கணக்கில் புதுப் பக்கம் வராத வெப்காமிக்ஸை (இணையத்தில் பக்கம் பக்கமாக வரும் படக்கதையை) எப்படிப் பொறுத்துக்கொண்டு படிக்கிறீர்கள்? காசு கொடுக்காமல் படிப்பவர்கள் கோபப்படலாமா?

முதல் கேள்வியோடு நிறுத்தியிருந்தால் நான் பாட்டுக்குத் தாண்டிப் போயிருப்பேன். இரண்டாவது கேள்விதான் குத்திவிட்டது.

நீங்கள் கேட்கும் தொனியைப் பார்த்தால் பாதியில் நின்ற ஏதோ கொரியக் கதையின் மேல் கடுப்பில் இருக்கிறீர்கள் போல. என்னுடையது அமெரிக்கக் கதை, ‘தி ஆர்டர் ஆஃப் தி ஸ்டிக்’. ரிச் பர்லூ என்பவர் 2003 செப்டம்பரில் தொடங்கினார், 1300 பக்கங்களைத் தாண்டி இப்போது கடைசிப் பாகம் ஓடுகிறது. குச்சிக் கை, குச்சிக் காலோடு ஆறு பேர், டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடை விளையாட்டின் விதிகளைக் கிண்டலடித்துக்கொண்டே ஒரு எலும்புக்கூட்டு மந்திரவாதியைத் துரத்துகிறார்கள். குச்சி மனிதர்களுக்கா இத்தனை வருடம் என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். பகடை உருட்டி நாட்டைத் தோற்றவர்கள் கதையைத்தானே நாமும் திருவிழாவுக்குத் திருவிழா உட்கார்ந்து கேட்கிறோம்.

எனக்கு ஊர் கூடலூர். தேனி மாவட்டத்துக் கூடலூர் (இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்பது பிறகு). வேலை மேலே கேரள எல்லைக் குமுளியில், ஒரு ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுவது. அம்மாவும் மலைக்குத்தான் போவார், ஏலத்தோட்டத்தில் காய் எடுக்க, விடியற்காலை ஜீப்பில். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு விவகாரம் பற்றிக்கொண்டு குமுளிப் பாதை அடைபட்டபோது ஜீப் ஓடவில்லை, கடைக்கும் போக முடியவில்லை. ஊரே ஊர்வலம், 144 என்று கிடக்க, அம்மாவும் நானும் வீட்டுக்குள். என்னிடம் ஒரு பழைய லேப்டாப்பும் டேட்டா கார்டும் இருந்தன. ஒரு பக்கம் திறக்க ஒரு டீ குடித்து முடிக்கலாம், அவ்வளவு வேகம். அப்படியே முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்து ஏறக்குறைய 800 பக்கங்கள்.

இதில் ஒரு மானக்கேடான விஷயம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். கதையில் ஹேலி என்று ஒரு திருடி வருவாள். புதையல் பறிபோன அதிர்ச்சியில் அவளுக்குப் பேச்சு குழறிவிடும். அதன்பிறகு நூறு பக்கங்களுக்கு மேல் அவள் பேசுவது எதுவுமே புரியாது. நான் கூடலூர் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவன். அதனால் என்ன நினைத்தேன் என்றால், இது எனக்குத் தெரியாத ஆங்கிலம், பெரிய இடத்து ஆங்கிலம். அகராதியை வைத்துக்கொண்டு மூன்று ராத்திரி தேடினேன், சத்தியமாக. ஒரு வார்த்தைகூட இல்லை. நான்காம் நாள்தான் உறைத்தது, கூட இருப்பவர்களுக்கும் அவள் பேசுவது புரியவில்லை என்று! எழுத்துக்கு எழுத்து மாற்றிப்போட்ட சங்கேதம் அது. ஒற்றை எழுத்தாக நின்றால் ‘ஐ’ அல்லது ‘ஏ’, அடிக்கடி வருவது ‘ஈ’ என்று பிடித்துக்கொண்டே போனால் அவிழும்.

பாதை திறந்து கடைக்குப் போனபிறகும் விடவில்லை. எடைச் சீட்டின் பின்பக்கம் முழுக்கப் பென்சிலால் கட்டம் போட்டு அவிழ்த்துக்கொண்டிருந்தேன். கடை முதலாளி, கோட்டயத்துக்காரர், ஒரு நாள் சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டார். “எடா, இது எந்தா? கள்ளக்கணக்கா?” அந்த நேரத்தில் எல்லைக்கு இந்தப் பக்கத்து ஆள் என்றாலே கொஞ்சம் ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள், அதில் இது வேறு. லேப்டாப்பைக் கொண்டுபோய் ஹேலியைக் காட்டி நிரூபிக்க வேண்டியதாயிற்று. “இந்தக் கொச்சு பொம்மைக்கோ!” என்று ஒரே சிரிப்பு. அதன்பிறகு மாதத்துக்கு ஒருமுறை “நின்றெ பொம்மை எந்து பறஞ்ஞு?” என்று கேட்பார்.

சரி, கேள்விக்கு வருகிறேன். 2012 தொடக்கத்தில் பர்லூ, தீர்ந்துபோன புத்தகங்களை மறுபடி அச்சடிக்க கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் தளத்தில் வாசகர்களிடம் பணம் கேட்டார். கேட்டது 57,750 டாலர், சேர்ந்தது பன்னிரண்டரை லட்சம் டாலர். அதில் என் பங்கு சைபர், என்னிடம் கிரெடிட் கார்டே கிடையாது. ஆனால் அதே வருடம் செப்டம்பர் வாக்கில் புதுப் பக்கங்கள் நின்றதும் அவருக்கு மின்னஞ்சல் போட்டவன் நான்தான். இத்தனை லட்சம் வாங்கிக்கொண்டு தூங்குகிறாயா என்கிற ரகம், உடைந்த ஆங்கிலத்தில், முழுக் கோபத்தில். மறுநாள்தான் அவருடைய தளத்தில் செய்திப் பகுதியைப் பார்த்தேன். கண்ணாடி கிழித்துக் கையில் பலமான காயம், கட்டைவிரலைப் பாதித்திருக்கிறது. வரைகிற கை.

காய் எடுக்கிற வீட்டில் வளர்ந்தவனுக்குக் கட்டைவிரல் என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். ஒரு வெட்டு விழுந்தால் அம்மாவுக்கு அந்த வாரக் கூலி போச்சு, காயைக் கிள்ளவே வராது. அது தெரிந்தும் எழுதினேனே என்று இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. என் மின்னஞ்சலுக்குப் பதில் வரவில்லை, நல்லவேளை.

உடனே ஒருவர் வருவீர்கள், ‘ஷ்லாக் மெர்சினரி’ என்ற இன்னொரு வெப்காமிக்ஸ்காரர் 2000 ஜூன் முதல் 2020 ஜூலை வரை ஒரு நாள் விடாமல் போட்டாரே என்று. போட்டார், கும்பிடுகிறேன். எல்லோருக்கும் அப்படி வாய்க்குமா? நான் படிக்கும் கதையின் நாயகன் ராயே 443ஆம் பக்கத்தில் செத்து, இருநூறு பக்கங்களுக்கு மேல் ஆவியாகத்தான் அலைந்தான். (கதையைச் சொல்லிவிட்டேன் என்று சண்டைக்கு வராதீர்கள், அவன் செத்தது 2007இல்.) அதைப் பொறுத்தவர்களுக்கு மாதம் இரண்டு பக்கம் வந்தால் பெரிய விஷயம்தான்.

கையில் காசு புரள ஆரம்பித்ததும், ஓசியில் படித்த பாவம் தீரட்டும் என்று ஒரு புத்தகத்துக்குப் பணம் கட்டினேன். இங்கேதான் அந்தக் கூடலூர். கூரியர்காரர்கள் அதை நீலகிரிக் கூடலூருக்கு அனுப்பிவிட்டார்கள்! பின்கோடு சரி, மாவட்டம் சரி, ஆனாலும் ஊட்டிப் பக்கம். கேட்டால் “சார் கூடலூர்னுதானே போட்டிருக்கீங்க.” தமிழ்நாட்டில் ஒன்றுக்கு மேல் கூடலூர் இருப்பது எங்கள் தப்பா? என் தங்கை கல்யாணத்துக்கு வரவேண்டிய பட்டுப்புடவையும் இப்படித்தான் மலைக்குப் போய்க் குளிர் காய்ந்துவிட்டு வந்தது. அதனால் இந்த ஊர்க்காரர்கள் யாராவது இதைப் படித்தால் முகவரியில் ‘கம்பம் வழி’ என்று சேர்த்து எழுதுங்கள்.

புத்தகம் நாற்பது நாள் கழித்து வந்தது, ஒரு மூலை நசுங்கி. முதலாளிக்குத்தான் முதலில் காட்டினேன்.

பொறுமை எல்லாம் ஒன்றும் இல்லை. காலையில் லோயர் கேம்பில் ஜீப் நிற்கிற ஐந்து நிமிடத்தில் போனில் பார்ப்பேன், அதற்கு மேல் ஏறினால் டவர் போய்விடும். புதிது இருந்தால் குமுளி வரைக்கும் சிரிப்பு, இல்லாவிட்டால் பக்கத்து சீட்டு அக்காவோடு ஏலக்காய் விலை பேசிக்கொண்டு போவேன். நீங்கள் ஆரம்பிப்பதாக இருந்தால் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள், ஆரம்பத்துப் படங்கள் சுமாராகத்தான் இருக்கும். ஹேலி குழறும் இடம் வந்ததும் ஒரு பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். விடையைத் தேடிப் பார்க்காதீர்கள்.