கணவரின் சம்பளத்தையும் எழுத வேண்டுமா?

தங்கச்சி, ஓவர்டிராஃப்டுக்கு, அதாவது கணக்கில் இருப்பதற்கு மேல் எடுத்ததற்கு, பிடித்த கட்டணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு வங்கி வரவு செலவுப் படிவம் அனுப்பியிருக்கிறது, கணக்கு உங்கள் பெயரில் மட்டும் இருக்கும்போது கணவரின் சம்பளத்தையும் எழுத வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த வங்கி நல்லது, கிரெடிட் கார்ட் எடுக்கலாமா என்பதெல்லாம் இருக்கட்டும். படிவத்துக்கு வருவோம்.

முதலில், அந்தக் கட்டணம் வங்கியின் பிழையால் வந்ததென்றால் படிவமே தேவையில்லை. பிழையைச் சுட்டிக்காட்டிக் கேளுங்கள். பணமில்லாமல் போய் விழுந்த கட்டணமென்றால் கதை வேறு. ஒரு காலத்தில் இங்கே பிரிட்டனில் ‘கட்டணம் அநியாயம்’ என்று கடிதம் எழுதியே ஆறு வருடப் பணத்தைத் திரும்ப வாங்கியவர்கள் ஏராளம். 2009 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வங்கிகளின் பக்கம் தீர்ப்புச் சொன்னதோடு அந்த வழி அநேகமாக அடைபட்டது. இப்போது மிஞ்சியிருப்பது, ‘வீட்டில் கஷ்டம், சமாளிக்க முடியவில்லை’ என்று கேட்கும் வழி. கஷ்டத்தை வங்கி கண்ணீரில் பார்ப்பதில்லை, கணக்கில்தான் பார்க்கும்.

கடன் உங்களுடையது மட்டுமென்றால் உங்கள் கணவர் அதற்குப் பொறுப்பாளி அல்லர். ஆனால் வரவையும் செலவையும் ஒரே அளவுகோலால் அளந்து எழுதுங்கள். முழு வாடகை, முழு மின்சாரம், முழுச் சாப்பாட்டுச் செலவு என்று எழுதினால் இருவர் சம்பளமும் வர வேண்டும். உங்கள் சம்பளத்தை மட்டும் காட்டுவதென்றால் செலவிலும் உங்கள் பங்கை மட்டும் எழுதுங்கள்; அல்லது கணவர் வீட்டுக்குத் தருவதை வரவில் சேருங்கள். உங்கள் சம்பளம் 1,500 பவுண், வீட்டு வாடகை 1,400 என்று எழுதி அனுப்பினால், மாதாமாதம் கணவரிடமிருந்து பணம் வந்து விழுவது அந்த அலுவலரின் திரையில் தெரியாதா? அதற்குப் பிறகு நீங்கள் எழுதும் எதையும் அவர் நம்ப மாட்டார்.

ஓவர்டைம் மாதத்துக்கு மாதம் மாறினால் கடைசி மூன்று மாதச் சராசரியை எழுதி, சராசரி என்று குறிப்பிடுங்கள். ஊருக்கு அம்மாவுக்கு அனுப்புவதை மறைக்காதீர்கள். சீட்டு இருக்கிறதே, அதில்தான் நம்மவர்கள் விளையாடுவார்கள். எடுத்த சீட்டென்றால் கட்டுகிற காசு கடன், எடுக்காததென்றால் சேமிப்பு. சேமித்துக்கொண்டே கஷ்டம் என்று சொன்னால் யார் கேட்பார்கள்?

‘குறைத்து எழுது, அவனுக்கு எப்படித் தெரியும்’ என்று கல்யாண மண்டபத்தில் சட்டம் பேசும் அண்ணன்மார் உங்களுக்கும் வாய்த்திருப்பார்கள். கேட்டுக்கொண்டு சாப்பிட்டுவிட்டு வாருங்கள். பணம் மீட்டுத் தருகிறோம் என்று பங்கு கேட்கும் தரகர்களிடமும் போகாதீர்கள். முறைப்பாடு கொடுத்து எட்டு வாரத்தில் முடிவு வராவிட்டால், அல்லது வந்த முடிவு திருப்தியில்லாவிட்டால், வங்கிகள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் நிதி ஒம்புட்ஸ்மனிடம் இலவசமாகப் போகலாம். இறுதிப் பதில் கிடைத்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும், அவ்வளவுதான். படிவத்தை நிரப்ப சிட்டிசன்ஸ் அட்வைஸ், ஸ்டெப்சேஞ்ச் என்ற தொண்டு நிறுவனங்களில் காசு வாங்காமல் உதவுவார்கள்.

நான் வந்த காலத்தில் இதைச் சொல்லித்தர ஒருவரும் இல்லை. லண்டன் ஈஸ்ட்ஹாமில் ஓர் அறைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு, இரவில் பெட்ரோல் நிலையத்தில் நின்றேன். சம்பளம் காசோலையாக வரும். அது கணக்கில் சேர்வதற்குள், பில் காசைத் தானாகவே கணக்கிலிருந்து எடுக்கும் டைரக்ட் டெபிட் போய் முட்டும். பணமில்லை என்று வங்கி கடிதம் போடும், அந்தக் கடிதத்துக்கும் சேர்த்துக் கட்டணம் எடுக்கும். அகராதியை வைத்துக்கொண்டு நானே பதில் எழுதக் கற்றேன். பிறகு அந்தத் தெருவில் பாதிப் பேருக்கு நான்தான் கடிதம் எழுதிக்கொடுத்தேன், ஒரு தேநீர் கூட வாங்காமல். அவர்களில் சிலர் இன்று மூன்று வீடு வைத்திருக்கிறார்கள், கண்டால் தலையாட்டுவதோடு சரி.

இன்னொன்று. வேறொரு வங்கியில் ‘பேசிக்’ கணக்கு கேளுங்கள். அதில் ஓவர்டிராஃப்ட் கிடையாது. பெரிய வங்கிகளில் 2016 முதல், பணம் போதாமல் டைரக்ட் டெபிட் திரும்பினாலும் கட்டணமில்லை. அடுத்த சம்பளத்தை அங்கே போடச் சொல்லுங்கள். பழைய கணக்கில் விழுந்தால் ஓவர்டிராஃப்ட் அதை விழுங்கிவிடும்.