ஏ பாசிட்டிவ் அப்பா, பி பாசிட்டிவ் அம்மா, ஓ நெகட்டிவ் பிள்ளை: டிஎன்ஏ டெஸ்ட் தேவையா?

கேள்வி: எனக்கு 34 வயது. துபாயில் வேலை, வருடத்துக்கு ஒரு முறைதான் ஊருக்கு வருவேன். எனக்கு ஏ பாசிட்டிவ், மனைவிக்கு பி பாசிட்டிவ். மகனைப் பள்ளியில் சேர்ப்பதற்காக ரத்த வகை பார்த்தபோது ஓ நெகட்டிவ் என்று வந்திருக்கிறது. அப்படி வரவே வராது என்கிறார் என் ரூமில் இருப்பவர். அவன் வயிற்றில் இருந்தபோது எடுத்த முதல் ஸ்கேனில் எட்டு வாரம் என்று போட்டிருந்தது, ஆனால் நான் லீவில் வந்து அப்போது ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. இப்போது அதுவும் சேர்ந்து உறுத்துகிறது. ஆன்லைனில் டிஎன்ஏ கிட் விற்கிறார்கள். மனைவிக்குத் தெரியாமல் எடுக்கலாமா? கோர்ட்டில் செல்லுமா?

பதில்: தம்பி, டெஸ்ட் பற்றி அப்புறம் பேசுவோம். முதலில் உங்களை அரித்துக்கொண்டிருக்கும் அந்த இரண்டு விஷயங்களையும் பார்த்துவிடலாம், ஏனென்றால் நீங்கள் எழுதியிருப்பதில் சந்தேகப்பட ஒன்றுமே இல்லை.

ஏ பாசிட்டிவ் அப்பாவுக்கும் பி பாசிட்டிவ் அம்மாவுக்கும் ஓ நெகட்டிவ் பிள்ளை தாராளமாகப் பிறக்கும். ரத்த வகைக்கான மரபணு நம் ஒவ்வொருவரிடமும் இரண்டு பிரதியாக இருக்கிறது, அப்பா கொடுத்தது ஒன்று, அம்மா கொடுத்தது ஒன்று. உங்களுக்கு ஏ வகை என்றால் இரண்டுமே ஏ-யாக இருக்கலாம், அல்லது ஒன்று ஏ, இன்னொன்று ஓ. அந்த ஓ உள்ளே இருந்தாலும் சாதாரண ரத்தப் பரிசோதனையில் தெரியாது. உங்கள் மனைவியின் பி-க்குப் பின்னாலும் அதே போல ஓர் ஓ இருக்கலாம். பாசிட்டிவ், நெகட்டிவ் கதையும் இதேதான்: பாசிட்டிவ் என்று சீட்டில் எழுதப்பட்ட பலர் நெகட்டிவ் மரபணு ஒன்றையும் சுமந்துகொண்டுதான் இருக்கிறார்கள். இரண்டு பேரிடமும் இவை இருந்தால் பிள்ளைக்கு ஓ வர நான்கில் ஒரு வாய்ப்பு, நெகட்டிவ் வர நான்கில் ஒரு வாய்ப்பு. இரண்டும் வேறு வேறு குரோமோசோம்களில் இருப்பதால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை, ஆக இரண்டும் சேர்ந்து வர 16-இல் ஒன்று. அரிதே இல்லை. உங்கள் அண்ணன் தம்பி, மனைவியின் கூடப்பிறந்தவர்கள், இரு பக்கத்துத் தாத்தா பாட்டி ஆகியோரின் ரத்த வகையை விசாரித்துப் பாருங்கள், எங்காவது ஓர் ஓ-வோ நெகட்டிவோ தட்டுப்படலாம்.

ரத்த வகை உண்மையிலேயே இடிக்கும் சந்தர்ப்பங்களும் உண்டு. அப்பாவுக்கு ஏபி, பிள்ளைக்கு ஓ என்றால் சாதாரணமாகப் பொருந்தாது. ஆனால் அங்கேயும் அவசரப்படக் கூடாது. 1952-இல் மும்பையில் கண்டறியப்பட்ட 'பாம்பே' ரத்த வகை இருப்பவர்களுக்கு உள்ளே ஏ-யோ பி-யோ இருந்தாலும் வழக்கமான பரிசோதனையில் ஓ என்றுதான் காட்டும், அது நம் துணைக்கண்டத்தில்தான் மற்ற இடங்களைவிட அதிகம். இது போக, முகாமில் அவசரமாகப் பார்த்து எழுதிக்கொடுத்த ரத்த வகை தப்பாக இருப்பதும் சகஜம். ஒரு ரத்த வங்கியில் மூவருக்கும் திரும்பப் பாருங்கள் என்பதுதான் யாருக்கும் நான் சொல்லும் முதல் யோசனை.

அடுத்தது அந்த எட்டு வாரம். வெளிநாட்டில் வேலை பார்க்கும் எத்தனையோ பேர் வீட்டில் இந்தக் கணக்கு தேவையில்லாத ரணத்தை உண்டாக்கியிருக்கிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். டாக்டர்கள் கர்ப்பத்தைக் கரு உருவான நாளிலிருந்து எண்ணுவதில்லை. கடைசியாக மாதவிலக்கு ஆன முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். கரு உருவாவது அதிலிருந்து ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்துத்தான். ஆக ஸ்கேனில் எட்டு வாரம் என்றால் கரு உண்டாகி ஆறு வாரம் என்று அர்த்தம். நீங்கள் வந்து ஆறு வாரம். கணக்கு அச்சாகப் பொருந்துகிறது, இதைத்தான் நீங்கள் தலைகீழாகப் படித்துவிட்டீர்கள். முதல் மூன்று மாதத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில் ஐந்து முதல் ஏழு நாள் வரை முன்பின் இருக்கலாம், மாதம் ஏற ஏற அந்தத் தவறும் கூடும். கடைசி மாதங்களில் எடுத்த ஸ்கேனை வைத்து யாராவது தேதிக்கணக்கு போட்டால் அதில் இரண்டு மூன்று வாரம்கூடத் தப்பலாம்.

சரி, இவ்வளவு சொன்ன பிறகும் மனது ஆறவில்லை என்றால், டெஸ்ட் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

நம் டிஎன்ஏ-வில் சில இடங்களில் நான்கு எழுத்துள்ள ஒரு சிறு துண்டு திரும்பத் திரும்ப வரும். எத்தனை தடவை வருகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். அந்த எண்ணிக்கையைத்தான் லேபில் அளக்கிறார்கள். உதாரணத்துக்கு, 11-ஆம் குரோமோசோமில் டிஎச்01 என்று ஓர் இடம். அங்கே அம்மாவுக்கு 6, 7 என்றும் பிள்ளைக்கு 7, 9.3 என்றும் வருவதாக வைத்துக்கொள்வோம் (9.3 என்றால் ஒன்பது முழுத் துண்டும், அரைகுறையாக மூன்று எழுத்துள்ள ஒரு துண்டும்). அந்த 7 அம்மா கொடுத்தது. அப்படியானால் 9.3 அப்பாவிடமிருந்துதான் வந்தாக வேண்டும். சோதிக்கப்படுபவருக்கு 8, 9.3 இருந்தால் அந்த இடத்தில் அவர் பொருந்துகிறார். ஆனால் 9.3 உள்ளவர்கள் ஊரில் ஏராளம், ஓர் இடத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அதனால்தான் இப்படி 16 முதல் 24 இடங்கள் வரை பார்க்கிறார்கள்.

ரிப்போர்ட்டில் வரும் 99.99 சதவீதம் இங்கிருந்துதான் வருகிறது. ஓர் இடத்தில் இந்த ஆள் அப்பாவாக இருந்தால் இந்த எண் பிள்ளைக்கு வர எவ்வளவு வாய்ப்பு, வழியில் போகும் யாரோ ஒருவர் அப்பாவாக இருந்தால் எவ்வளவு வாய்ப்பு என்று இரண்டையும் வகுப்பார்கள். விடை 5 என்று வந்தால், யாரோ ஒருவரைவிட இவர் அப்பாவாக இருப்பதற்கு அந்த இடம் ஐந்து மடங்கு சாதகமாகப் பேசுகிறது. இப்படிப் பத்து இடம் இருந்தால் 5-ஐப் பத்து தடவை பெருக்க வேண்டும், அதுவே ஏறக்குறைய 98 லட்சம். பத்தாயிரத்தைத் தொட்டாலே 99.99 சதவீதம் வந்துவிடும். நூறு சதவீதம் என்று எந்த நேர்மையான லேபும் எழுதாது, அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

"அப்பா இல்லை" என்பதற்கு வழி வேறு. ஓர் இடம் பொருந்தாவிட்டால் உடனே ஒதுக்கிவிட மாட்டார்கள், ஏனென்றால் விந்தணு உருவாகும்போது அந்த எண்ணிக்கை எப்போதாவது ஒன்று கூடும், ஒன்று குறையும். இன்னும் சில இடங்களைப் பார்ப்பார்கள். பொதுவாக மூன்று அல்லது அதற்கு மேல் இடித்தால்தான் இல்லை என்று எழுதுவார்கள். அம்மாவின் சாம்பிளும் இருந்தால் எது யாரிடமிருந்து வந்தது என்பது தெளிவாகும். அம்மா இல்லாமலும் செய்யலாம், ஆனால் பலம் குறையும். சந்தேகம் கூடப்பிறந்த சகோதரன் மேல் என்றால் அதை லேபில் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும், சகோதரர்களுக்குள் பாதி டிஎன்ஏ ஒன்றாக இருப்பதால் குறைந்த இடங்களை மட்டும் பார்த்தால் குழப்பம் வரலாம். ஒரே கருவில் பிறந்த இரட்டையர் என்றால் இந்தச் சாதாரண டெஸ்டால் பிரிக்கவே முடியாது. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்தவர் ரத்தம் கொடுத்தால் அதில் கொடையாளியின் டிஎன்ஏ வரும், அதையும் சொல்லிவிட வேண்டும்.

தெரியாமல் எடுக்கலாமா என்று கேட்டீர்கள். எடுக்காதீர்கள். நியாய அநியாயம் ஒரு பக்கம் இருக்கட்டும், முதலில் சாம்பிளே சரியாக வராது. பலர் குழந்தையின் தலைமுடியை அனுப்புகிறார்கள், மொட்டை போட்டபோது எடுத்து வைத்த முடியைக்கூட. வெட்டிய முடியில் வேர் இல்லை, வேர் இல்லாவிட்டால் இந்தச் சோதனைக்கு வேண்டிய டிஎன்ஏ போதிய அளவில் கிடைக்காது. அதில் மிஞ்சுவது அம்மா வழியாக மட்டுமே வரும் இன்னொரு வகை டிஎன்ஏ, அதை வைத்து அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல முடியாது. டூத்பிரஷ் என்றால் அதை வேறு யார் தொட்டார்கள் என்று உங்களுக்கே தெரியாது. முறையாகச் செய்வது கன்னத்தின் உள்பக்கத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுப்பது. சாப்பிட்டவுடன் எடுக்கக் கூடாது, நன்றாகக் காயவைத்துக் காகித உறையில்தான் போட வேண்டும். பிளாஸ்டிக் கவரில் ஈரத்தோடு போட்டால் கெட்டுப்போகும்.

வீட்டுக் கிட்டில் எடுத்த முடிவு கோர்ட்டில் நிற்காது. அந்தக் குச்சி யார் வாயில் போனது என்பதற்கு என்ன சாட்சி? கோர்ட்டுக்கான சோதனையில் அடையாள அட்டை, புகைப்படம், கைரேகை, கையெழுத்து, சாட்சிகள், சீல் வைத்த உறை எல்லாம் உண்டு. நம் ஊரில் இப்படிப்பட்ட சாம்பிள்கள் தமிழ்நாடு தடய அறிவியல் துறைக்கோ ஐதராபாத்தில் உள்ள மத்திய ஆய்வகங்களுக்கோ போகும்.

அப்புறம் சட்டம். இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். திருமணம் நிலைத்திருக்கும்போது பிறந்த பிள்ளை, அல்லது திருமணம் முறிந்து மனைவி மறுமணம் செய்யாமல் இருக்கும்போது 280 நாளுக்குள் பிறந்த பிள்ளை, அந்தக் கணவனின் பிள்ளைதான் என்பது சட்டத்தின் நிலை. பழைய சாட்சியச் சட்டத்தில் 112-ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதினியத்தில் 116-ஆவது பிரிவு. இதை உடைக்க வேண்டுமானால், கரு உண்டான காலத்தில் கணவனும் மனைவியும் ஒன்றுசேரவே வாய்ப்பில்லாமல் இருந்தார்கள் என்று நிரூபிக்க வேண்டும். நீங்களோ அந்த நேரத்தில் லீவில் வீட்டில் இருந்தீர்கள். உங்கள் பாஸ்போர்ட்டில் உள்ள முத்திரையே உங்களுக்கு எதிரான சாட்சி.

கேட்டவுடன் டெஸ்டுக்கு உத்தரவிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1993-இலேயே சொல்லிவிட்டது. மனைவியின் நடத்தையை நிரூபிக்கப் பிள்ளையின் டிஎன்ஏ-வைக் கேட்ட ஒரு கணவருக்கு 2023-இல் அனுமதி மறுத்து, பெற்றோர் சண்டையில் குழந்தையைப் பகடைக்காய் ஆக்கக் கூடாது என்றது. எனக்கு இந்த விஷயத்தில் நீதிமன்றத்தோடு முழு உடன்பாடு. ஆனால் எல்லாத் தீர்ப்பும் ஒரே பக்கம் இல்லை: 2014-இல் ஒரு ஜீவனாம்ச வழக்கில், டெஸ்ட் எடுத்து முடிவும் வந்துவிட்ட பிறகு, சட்டத்தின் ஊகத்தைவிட அறிவியல்தான் மேல் என்று தீர்ப்பு வந்தது. அதை நம்பி யாரும் வீட்டுக் கிட்டோடு கோர்ட்டுக்குப் போய்விட வேண்டாம், அங்கே சோதனை நடந்தது நீதிமன்ற உத்தரவின் பேரில்.

சந்தேகப்படும் கணவர்களுக்காக உருவான டெஸ்ட் இல்லை இது. 1984-இல் இங்கிலாந்தின் லெஸ்டரில் அலெக் ஜெஃப்ரீஸ் டிஎன்ஏ ரேகையைக் கண்டுபிடித்தார், மறு வருடமே அது ஒரு குடியேற்ற வழக்கில் கானாவிலிருந்து திரும்பிவந்த ஒரு சிறுவனை அவன் தாயோடு சேர்த்து வைத்தது. இந்தியாவில் கோர்ட்டுக்கு முதலில் வந்தது கேரளத்தின் தலச்சேரியில், என் பிள்ளை இல்லை என்று கைவிரித்த ஒருவரிடம் ஒரு தாய் ஜீவனாம்சம் கேட்ட வழக்கில். ஐதராபாத் விஞ்ஞானி லால்ஜி சிங் சோதித்துச் சொன்னார், 1989-இல் அந்தத் தாய் ஜெயித்தார். உத்தரப் பிரதேச முன்னாள் முதல்வர் என்.டி. திவாரிதான் தன் அப்பா என்று ரோஹித் சேகர் வருடக்கணக்கில் போராடி, 2012 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் டிஎன்ஏ முடிவு வெளியானதும் எல்லோருக்கும் தெரியும். இன்றும் கனடாவுக்கோ அமெரிக்காவுக்கோ குடும்பத்தை அழைக்கும்போது பிறப்புச் சான்று போதாத இடத்தில் இந்த டெஸ்டைக் காட்டச் சொல்கிறார்கள். பாலியல் வன்கொடுமை வழக்குகளில் குற்றவாளியை நிலைநாட்டுவதும் பல நேரம் இதுவேதான். உறவை நிரூபிக்க வழியில்லாமல் நிற்பவர்களுக்கு இது பெரிய வரம். உறவு நன்றாக இருக்கும் வீட்டுக்குள் இதைக் கொண்டுவருவதற்கு முன்னால் நூறு தடவை யோசிக்க வேண்டும், அந்தப் பையன் ஒரு நாள் இதைத் தெரிந்துகொள்வான் என்பதையும் சேர்த்து.

இத்தனைக்குப் பிறகும் எடுப்பதென்றால் மனைவியிடம் நேராகச் சொல்லி, மூவரும் சேர்ந்து, என்ஏபிஎல் (லேபுகளின் தரத்தைப் பார்த்துச் சான்று தரும் அமைப்பு) அங்கீகாரம் உள்ள லேபுக்குப் போய் எடுங்கள். ரத்த வகையையும் ஸ்கேன் கணக்கையும் பற்றி நான் மேலே எழுதியதை முதலில் அவரோடு உட்கார்ந்து படியுங்கள், பாதிப் பேர் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். ரிப்போர்ட் வந்தால் கடைசி வரியை மட்டும் பார்க்காமல், எத்தனை இடங்களைப் பார்த்தார்கள், ஒவ்வொன்றிலும் மூவருக்கும் வந்த எண்கள் என்ன என்ற அட்டவணை இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள். ஒருவேளை பொருந்தவில்லை என்று வந்தால் அதை யாரிடமும் சொல்வதற்கு முன் புதிதாகச் சாம்பிள் கொடுத்து வேறொரு லேபில் மறுபடி பாருங்கள். உறை மாறுவதும் பெயர் மாறுவதும் லேபுகளில் நடக்கக்கூடியதுதான்.