தட்டைப் பிரிக்காதீர்கள், தம்பி மனைவிக்கு மறைக்காதீர்கள்

சகோதரி, தம்பிக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்ததும் அம்மா அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்துவிட்டார், நான்கு மாதக் கர்ப்பிணியான தம்பி மனைவிக்கு மட்டும் இன்னும் யாரும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லாம் தலைகீழாக நடக்கிறது. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் இது தொற்றாது. மறைத்தால்தான் ஆபத்து.

தம்பி இந்த வாரமே மனைவியை அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்துக்கு அழைத்துப் போகட்டும். பரிசோதனை இலவசம். சொல்ல நா எழவில்லை என்றால் அங்குள்ள ஆலோசகர் உடனிருந்து உதவுவார். மனைவிக்கும் தொற்று இருந்தால், இப்போதே மாத்திரை தொடங்கி, பிறந்தவுடன் குழந்தைக்கும் மருந்து கொடுத்தால், குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு மிகமிகக் குறைவு. குடும்ப மானம் என்று பேசும் பெரியவர்களிடம் இதைக் கோபமாகவே சொல்லுங்கள்.

தம்பி எச்.ஐ.வி. வைரஸைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவின் மூலம் மனைவிக்குப் பரவாது. அதுவரை ஆணுறை கட்டாயம். மாத்திரை வேளையை நினைவூட்டும் பொறுப்பை அம்மாவிடமே கொடுங்கள்; பயம் குறைய அதுவே நல்ல வழி. அக்கம்பக்கத்துக்குச் சொல்ல வேண்டியதில்லை, 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் தம்பியின் ரகசியத்தைக் காக்கிறது. சந்தேகம் வந்தால் எய்ட்ஸ் உதவி எண் 1097-ஐ அழையுங்கள், கட்டணம் கிடையாது.